ஓசியானியா காற்பந்துக் கூட்டமைப்பு

ஓசியானியா காற்பந்துக் கூட்டமைப்பு என்பது நியூசிலாந்திலும் பசிபிக் தீவு நாடுகளிலும் காற்பந்தாட்டத்தை நிருவகிக்கும் அமைப்பு ஆகும். ஃபிஃபாவின் கீழ் இயங்கும் ஆறு கண்டக் கூட்டமைப்புகளுள் மக்கள்தொகையில் மிகச் சிறியது இதுவே. இது 1966 இல் தோற்றுவிக்கப்பட்டது. எனினும் ஏனைய ஐந்துக்கும் நிகரான முழுத் தகுதியை 1996 இல்தான் பெற்றது. இதன் தலைமையகம் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் உள்ளது.

உறுப்பினர்கள்

நியூசிலாந்து, பிஜி, பப்புவா நியூ கினி, சொலமன் தீவுகள், வனுவாட்டு, நியூ கலிடோனியா, தாகித்தி, சமோவா, அமெரிக்க சமோவா, டொங்கா, குக் தீவுகள் ஆகிய பதினொன்றும் ஃபிஃபாவிலும் உறுப்புரிமை உடையவை. கிரிபட்டி, துவாலு ஆகியன இணை உறுப்பினர்கள் மட்டுமே. ஆசிய நாடுகள் சில இசுரேலுடன் விளையாட மறுத்த காலத்தில், அந்நாடு 1986, 1990 உலகக்கோப்பைத் தகுதிப் போட்டிகளை ஓசியானியாப் பிரிவில் ஆடியது.

நிருவாகம்

உள்நாட்டுப் போட்டிகளை அந்தந்த நாட்டுச் சங்கமே நடத்துகின்றது. நாடுகளுக்கிடையிலான ஓசியானியா நாடுகள் கிண்ணம், கழகங்களுக்கான வாகையர் கூட்டிணைவு, மகளிர் மற்றும் இளையோர் போட்டிகள், உலகக்கோப்பைத் தகுதிச் சுற்றுகள் ஆகியவற்றைக் கூட்டமைப்பு நடத்துகின்றது. தொலைவு ஒரு பெரும் இடர்ப்பாடு. தாகித்தியின் தலைநகர் பப்பேத்தேயில் இருந்து ஆக்லாந்து ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆகவே பல அணிகளையும் ஒரே நாட்டில் கூட்டி, சில நாட்களுக்குள் ஆட்டங்களை முடிப்பது வழக்கம்.

37 பேர் கொண்ட ஃபிஃபா பேரவையில் இக்கூட்டமைப்புக்கு மூன்று இடங்கள் உண்டு. சிறிய அமைப்பாயினும் இதன் வாக்கு ஒருமுறை உலகக்கோப்பை நடைபெறும் நாட்டையே தீர்மானித்தது. 2000 ஆம் ஆண்டு சூலையில், 2006 உலகக்கோப்பைக்கான இறுதி வாக்கெடுப்பில் அப்போதைய தலைவர் சார்லி டெம்ப்சி வாக்களிக்கவில்லை. இங்கிலாந்து வெளியேறினால் தென்னாபிரிக்காவை ஆதரிக்குமாறு கூட்டமைப்பு அவரைப் பணித்திருந்தது. செருமனி 12-11 என வென்றது.

ஆஸ்திரேலியாவின் விலகல்

தரத்தில் நிலவிய ஏற்றத்தாழ்வே இக்கூட்டமைப்பின் நீண்டகாலச் சிக்கல். 2001 ஏப்ரல் 11 அன்று கொவ்ஸ் துறைமுகத்தில் ஆஸ்திரேலியா அமெரிக்க சமோவாவை 31-0 என வென்றது. ஆர்ச்சி தொம்சன் மட்டும் 13 கோல்கள் அடித்தார். கடவுச்சீட்டுச் சிக்கலால் அமெரிக்க சமோவா தன் முதன்மை ஆட்டக்காரர்களுக்குப் பதிலாகச் சிறுவர்களையும் களமிறக்க நேர்ந்தது என்பதை இச்சாதனையைக் குறிப்பிடுவோர் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். அடுத்த தகுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் முதற்சுற்றில் ஆடாமல் இரண்டாம் சுற்றில் நேரடியாகச் சேர்க்கப்பட்டன.

ஆயினும் ஆஸ்திரேலியாவின் குறை வேறு. ஓசியானியாவில் முதலிடம் பெற்றாலும் உலகக்கோப்பைக்கு நேரடி இடம் இல்லை. வேறொரு கண்டத்தின் அணியுடன் மோதியே தகுதி பெற வேண்டும். 2001 இல் உருகுவேயிடம் தோற்று வாய்ப்பை இழந்தது. 2002 இன் இறுதியில் ஃபிஃபா ஓசியானியாவுக்கு ஒரு நேரடி இடத்தை அளித்து, அடுத்த ஆண்டே அதைத் திரும்பப் பெற்றது. 2005 நவம்பரில் சிட்னியில் உருகுவேயைச் சமநிலை தகர்ப்பு உதைகளில் வென்று தகுதி பெற்ற ஆஸ்திரேலியா, 2006 சனவரி 1 இல் ஆசியக் கூட்டமைப்பில் இணைந்தது.

விலகலுக்குப் பின்

பெரிய உறுப்பினரை இழந்த கூட்டமைப்பு வீழ்ந்துவிடவில்லை. 2010 உலகக்கோப்பையில் நியூசிலாந்து, நடப்பு வாகையர் இத்தாலியுடனான ஆட்டம் உட்பட மூன்றையும் சமன் செய்தது. முதற்சுற்றுடன் வெளியேறிய போதும் அத்தொடரில் தோல்வியே காணாத ஒரே அணி அதுதான். 2012 இல் தாகித்தி ஓசியானியா நாடுகள் கிண்ணத்தை வென்றது. அதற்கு முன் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தவிர வேறெவரும் அதை வென்றதில்லை.

உலகக்கோப்பை 48 அணிகளாக விரிவாக்கப்பட்டபோது, 2026 தொடருக்கு ஓசியானியா முதன்முறையாக உறுதியான நேரடி இடம் ஒன்றைப் பெற்றது. 2025 மார்ச் 24 அன்று ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில் நியூ கலிடோனியாவை 3-0 என வென்ற நியூசிலாந்து அவ்விடத்தை அடைந்தது. தோற்ற நியூ கலிடோனியாவுக்குக் கண்டங்களுக்கிடையிலான தகுதிச் சுற்றில் ஆடும் வாய்ப்புக் கிட்டியது.

2026 சனவரியில் எட்டுக் கழகங்களுடன் ஓசியானியாவின் முதல் தொழில்முறைக் கூட்டிணைவு தொடங்கியது. அவற்றுள் ஒன்று ஆஸ்திரேலியாவின் சவுத் மெல்பேர்ண் கழகம்.