டயர் கழட்டும் ஸ்டாண்டும் ஒரு பழைய பள்ளமும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுட்டிருந்த பதிவு இது. "டயர் கழட்டுறதுக்கெல்லாம் வரலாறா?"ன்னு சிரிக்கப் போறீங்க. பரவாயில்லை, சிரிச்சுக்கிட்டே படிங்க :-)

போன வருஷம் நண்பர்கள் இரண்டு பேரோடு ஜவ்வாது மலைப்பக்கம் போயிருந்தேன். என் வண்டி எக்ஸ்பல்ஸ் 200. முன்னால் 21 இஞ்ச், பின்னால் 18 இஞ்ச் ஸ்போக்ஸ் சக்கரம், உள்ளே டியூப். மண் பாதையில் பின் சக்கரம் பஞ்சர். மாற்று டியூப், லிவர், பம்பு எல்லாம் பையில் இருந்தது. எப்படிச் செய்யணும்ங்கிற அறிவு மட்டும்தான் இல்லை. சக்கரத்தைத் தரையில் படுக்கப் போட்டு நெம்பியதில், புது டியூபை நானே லிவரால் கடித்து ஓட்டை போட்டேன். பேட்ச் ஒட்டி மறுபடி மாட்டினால் இன்னொரு ஓட்டை. அடியில் பிரேக் டிஸ்க் கல்லில் அழுந்திக்கொண்டு இருந்ததை மூணு பேரும் கவனிக்கவே இல்லை. மூணு மணி நேரம் போச்சு. இருட்டிடுச்சு. கடைசியில் ஒரு குட்டியானையில் வண்டியை ஏற்றிக் கீழே இறக்கினோம்.

அடிவாரத்துப் பஞ்சர் கடைப் பெரியவர் என் வேலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் திட்டவில்லை. "தம்பி, பலத்தக் காட்டாதீங்க. எதிர்ப்பக்கத்தக் காலால பள்ளத்துல தள்ளுங்க, இந்தப் பக்கம் தானா வரும்" என்றார். பத்தே நிமிஷம். டயர் வெளியே வந்து, டியூப் மாறி, உள்ளேயும் போய்விட்டது. கோணிப்போன டிஸ்க்குக்கு மட்டும் தனியாகத் தண்டம் அழுதேன்.

ஊருக்கு வந்ததும் கையோடு எடுத்துப் போகிற மாதிரி ஒரு டயர் ஸ்டாண்ட் வாங்குவது என்று முடிவு. தேடப் போனால் விலையிலும் வடிவத்திலும் ஏகப்பட்டது. எதை வாங்குவது என்று குழம்பி, அந்தப் "பள்ளம்" எங்கிருந்து வந்தது என்று தோண்டப் போய்விட்டேன்.

காற்றடைத்த டயருக்கு முதல் காப்புரிமை வாங்கியவர் ராபர்ட் வில்லியம் தாம்சன், 1845-ல். குதிரை வண்டிகளுக்காகச் செய்தார். காலத்துக்கு முந்திய சரக்கு, விலைபோகவில்லை. அப்புறம் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், 1887-ல் தன் பையனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றுக் குழாய் சுற்றிப் பார்த்து, 1888-ல் காப்புரிமை வாங்கினார். ஓட்டுவதற்குச் சுகம். ஆனால் டயரைச் சக்கரத்தோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பஞ்சர் ஆனால் பிய்த்துத்தான் எடுக்கணும்.

1889-ல் பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரானில் இருந்த மிஷலின் சகோதரர்களின் ரப்பர் பட்டறைக்கு இப்படி ஒரு பஞ்சர் சைக்கிள் வந்ததாம். பிய்த்துச் சரிசெய்ய மூணு மணி நேரம், பசை காய ஒரு ராத்திரி. மறுநாள் எடுவார் மிஷலின் ஏறி ஓட்டினால் கொஞ்ச தூரத்திலேயே மறுபடி புஸ்ஸ்ஸ். (மூணு மணி நேரம்! படிச்சதும் எனக்கு எவ்ளோ ஆறுதலா இருந்துச்சு தெரியுமா?) டயர் சுகமாக இருந்தால் போதாது, சுலபமாகக் கழட்டவும் வரணும் என்று அவருக்கு உறைத்தது. 1891-ல் கழட்டி மாட்டக்கூடிய டயருக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அதே வருஷம் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் சைக்கிள் பந்தயத்தில் ஷார்ல் தெரோன் அந்த டயரோடு ஜெயித்தார். சுமார் 1200 கிலோமீட்டர். அடுத்த வருஷம் கிளெர்மோனுக்கு நடந்த பந்தயத்தில் பாதையில் ஆணியே போட்டு வைத்தார்களாம் மிஷலின்காரர்கள், பஞ்சர் ஒட்டுவது எவ்வளவு சுலபம் என்று காட்ட. விளம்பரம்னா இதுதான் விளம்பரம்!

ஆனால் மிஷலினின் முதல் டயர் திருகாணி வைத்து இறுக்கியது. இன்று நம் வண்டியில் இருக்கும் முறைக்கு மூலவர் வேறு ஆள். சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்ற ஆங்கிலேயர், 1890-ல் டயரின் இரண்டு ஓரத்திலும் நீளாத கம்பி வளையம் வைத்தார். அதுதான் பீட். ரிம்மின் நடுவில் பள்ளம் வைத்தார். ரிம்மின் விளிம்பைவிடக் கம்பி வளையம் சின்னது, அதனால் காற்றடித்தால் கழன்று வராது. கழட்டணும்னா ஒரு பக்கத்துக் கம்பியைப் பள்ளத்தில் இறக்கணும், எதிர்ப்பக்கம் அந்த அளவுக்குத் தளர்வு கிடைக்கும். பெரியவர் காலால் செய்தது இதுதான். 130 வருஷத்துக்கு மேலான சூட்சுமம்! நான் கம்பியோடு மல்லுக்கு நின்றேன். அது நீளவா போகுது?

சரி, ஸ்டாண்ட் எங்கே வந்தது? பட்டறையில் பழைய ஆயில் டிரம் மேல் சக்கரத்தை வைத்து வேலை பார்ப்பது பழைய பழக்கம். அதைக் கையில் தூக்கிப் போக வேண்டிய தேவை பந்தய மைதானத்தில் இருந்தது. 1913-ல் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் 'இன்டர்நேஷனல் சிக்ஸ் டேஸ் டிரையல்' என்ற ஆறு நாள் போட்டி தொடங்கியது. ஓட்டுகிறவரே தன் வண்டியைப் பழுது பார்க்கணும், மெக்கானிக் கை வைக்கக்கூடாது என்பதுதான் அதன் உயிர்நாடி. நடிகர் ஸ்டீவ் மெக்வீன்கூட 1964-ல் கிழக்கு ஜெர்மனியின் எர்ஃபர்ட்டில் ஓட்டியிருக்கிறார். 1981 முதல் 'சிக்ஸ் டேஸ் எண்டியூரோ' என்று பெயர். நாள் முழுக்க ஓட்டிவிட்டு, சாயங்காலம் வண்டியைப் பூட்டுவதற்கு முன் கிடைக்கும் கால் மணி நேரத்தில் டயரைத் தானே மாற்றணும். போதாததற்கு, டியூபுக்குப் பதிலாக 'மூஸ்' என்ற நுரை வளையம் போடுகிறார்கள். பஞ்சரே ஆகாது, ஆனால் காற்றை இறக்கிச் சுருக்க முடியாதே! உள்ளே தள்ளுவதற்குள் உயிர் போகும். அங்கே ஸ்டாண்ட் இல்லாமல் கதை நடக்காது. எஸ்தோனியாவின் ராபகோண்டா மாதிரி நிறுவனங்கள் நடுத்தண்டைச் சுற்றித் தள்ளும் நீளக் கை வைத்து மடக்கு ஸ்டாண்ட் செய்வது இதற்காகத்தான்.

இவ்வளவும் படித்த பிறகு எனக்குத் தேர்வு சுலபமாகிவிட்டது. நான் பார்த்தவை:

1. மூன்று கால் போதும். மேடு பள்ளத்தில் நாலு கால் ஆடும், மூன்று கால் ஆடாது.

2. சக்கரத்தை ரிம்மில் தாங்கணும். டிஸ்க்கும் பல்சக்கரமும் அந்தரத்தில் தொங்கணும். (அனுபவம் பேசுது!)

3. 18, 21 இரண்டும் உட்காரணும். நடுத்தண்டு நம் ஆக்ஸில் துளையில் நுழையணும்.

4. பீட்டை ரிம்மிலிருந்து பிரிக்கும் நெம்புகை கூடவே இருந்தால் நல்லது.

5. இடுப்பு உயரம். குனிந்து செய்தால் அவசரம் வரும், அவசரம் வந்தால் லிவர் டியூபைக் கடிக்கும்.

சுற்றும் கை வைத்த விலை கூடின ரகம் மூஸ் போடுகிறவர்களுக்கு. டியூப் வண்டிக்காரன் எனக்குச் சாதாரண மடக்கு ஸ்டாண்டே போதும்னு வாங்கிட்டேன். முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் சோப்புத் தண்ணி தடவி நாலு தடவை கழட்டி மாட்டினேன். முதல் தடவை நாற்பது நிமிஷம், நாலாவது பதினெட்டு. டியூபில் ஒரு கடி இல்லை.

பெரியவரின் பத்து நிமிஷத்தை இன்னும் தொடவில்லை. அவருக்கு ஸ்டாண்டும் கிடையாது, ஒரு கால்தான். அடுத்த தடவை அந்தப் பக்கம் போனால், வெல்ச் கதையை அவரிடம் சொல்லணும்.

டிஸ்கி: ஆயில் டிரம்மிலேயே காலம் தள்ளுகிற சிங்கங்கள் யாராவது இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்க. கத்துக்கறேன் :-)