சாணை பிடித்த ஊசிகளின் காலம்

ரத்தம் எடுக்கும்போது ஏற்படும் வலி கடந்த எழுபது, எண்பது ஆண்டுகளில் பெருமளவு குறைந்திருக்கிறது. ஆனால் அதைக் குறைத்தது நோயாளியின் மீதான பரிவு என்று சொல்ல வரலாறு இடம் தரவில்லை. தொற்றுப் பயமும் ஆய்வகத்தின் வசதியும்தான் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்தன. வலியையே குறியாகக் கொண்ட முயற்சிகள் கடைசியில்தான் வந்தன.

19ஆம் நூற்றாண்டில் பல சோதனைகளுக்கு விரல்நுனித் துளியே போதுமானதாக இருந்தது. 1878இல் கவர்ஸ் என்ற மருத்துவர் ஹீமோகுளோபினை அளக்கச் செய்த கருவிக்கும் சிறிதளவு ரத்தமே தேவைப்பட்டது. 1906இல் சிபிலிஸுக்கான வாசர்மன் சோதனை வந்தது. சீரம் பிரிக்கும் அளவுக்கு ரத்தம் வேண்டுமென்பதால், நடந்து வந்து நடந்தே வீடு திரும்பும் நோயாளியின் முழங்கை மடிப்பிலும் ஊசி இறங்கலாயிற்று. கண்ணாடி சிரிஞ்சையும் எஃகு ஊசியையும் கொதிக்க வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய காலம் அது. முனை மழுங்கினால் சாணைக்கல்லில் தீட்டுவார்கள். தீட்டியதைப் பஞ்சில் இழுத்துப் பார்ப்பார்கள். இழை சிக்கினால் பிசிறு இருக்கிறதென்று பொருள், ஊசி மறுபடி கல்லுக்குப் போகும். துளை அடைத்துக்கொள்ளாமலிருக்க உள்ளே மெல்லிய கம்பியைச் செருகி வைப்பார்கள். கூட்டம் மிகுந்த நாளில் இதில் ஏதேனும் விட்டுப்போனால் அவதிப்பட்டது நோயாளியின் கைதான். மழுங்கிய முனைக்கு ரத்த நாளம் நழுவிக்கொடுக்கும்; இன்னொரு குத்து விழும்; மறுநாள் கை கன்றிப்போகும்.

இந்த ஊசிகளை ஒழித்தது வேறொரு கவலை. 1940களில் பிரிட்டனின் பால்வினை நோய்ச் சிகிச்சையகங்களில் ஊசி போட்டுக்கொண்டவர்களிடையே மஞ்சள் காமாலை பரவியதை ஆராய்ந்தவர்கள், சரிவரச் சுத்தம் செய்யாத சிரிஞ்சுகளையே காரணமாகக் கண்டார்கள். ஒருமுறை மட்டும் பயன்படும் ஊசிகள் 1950களில் சந்தைக்கு வந்தன. 1949இல் ஜோசப் கிளைனர் காப்புரிமை பெற்ற வெற்றிடக் குழாய், ஒரே குத்தில் பல சோதனைகளுக்கும் ரத்தம் பிடிக்க வழிசெய்தது. இந்தியாவில் எச்ஐவி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில், சுனிதி சாலமனின் ஆய்வில். அதன்பின் புது ஊசியைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லும் வழக்கம் பொதுமக்களிடமும் வேரூன்றியது. புது ஊசி என்றால் கூரான ஊசி. வலி குறைந்தது அந்த வழியில்தான்.

எப்படிக் குறைந்தால் என்ன, எறும்புக்கடி போன்ற வலிக்கு இத்தனை பேச்சா என்று கேட்கலாம். ஊசியையும் ரத்தத்தையும் கண்டு ஏற்படும் கடும் அச்சத்தை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 1994ஆம் ஆண்டுக் கையேடு தனி வகையாகவே பதிவுசெய்தது. இந்த அச்சத்தில் ரத்த அழுத்தம் திடீரென இறங்கி மயக்கம் வரும்; அப்படி விழுந்தவர் அடுத்த சோதனையைத் தள்ளிப்போடுவார். கருவியைவிடக் கைப்பழக்கமே முக்கியம் என்போர் சொல்வதில் பாதி உண்மை. ஸ்பிரிட் உலரும்வரை பொறுக்காமல் குத்தினால் எரிச்சல் கூடும். அதற்குப் புதுக் கருவி தேவையில்லை, அரை நிமிடப் பொறுமை போதும். ஆனால் மெல்லிய நாளம் கொண்ட முதியவருக்கும் குழந்தைக்கும் எத்தனை தேர்ந்த கையானாலும் சன்னமான ஊசி வேண்டும். தோலை மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன், பிரிலோகெய்ன் களிம்பு 1980களிலேயே வந்துவிட்டது. அது வேலை செய்ய ஏறக்குறைய ஒரு மணி நேரமாகும், நெரிசலில் அதற்கு நேரமேது என்பதே வழக்கமான மறுப்பு. டோக்கன் வாங்கிக்கொண்டு அதே ஒரு மணி நேரம் குழந்தை வரிசையில்தானே உட்கார்ந்திருக்கிறது. சீட்டுப் பதியும் இடத்திலேயே களிம்பைத் தடவி அனுப்பலாம்.