கம்பியின் தடிப்பு

அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையைச் சேலத்து மாணவர்கள் அறிவீர்கள். அடிவாரம் தாண்டியதும் இருபது கொண்டை ஊசி வளைவுகள். மார்கழிப் பனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் இருப்பது பாறையா பள்ளமா என்று தெரியாது. என்னிடம் படித்த ஒருவன் அம்மலைமீது ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதுகிறான். இரவுப் பயணத்துக்காகத் தன் மோட்டார் சைக்கிளில் ஐம்பத்தைந்து வாட் விளக்குகள் இரண்டைப் புதிதாகப் பூட்டிக்கொண்டான். ஓர் இரவு எட்டாவது வளைவில் அவ்விளக்குகள் மங்கின. தீய்ந்த நாற்றம் எழுந்தது. பின்பு வண்டி முழுவதுமே இருளாயிற்று. வண்டியை உருட்டிக்கொண்டே அடிவாரம் வந்து சேர்ந்தவன், மறுநாள் கருகிய கம்பியைக் கொணர்ந்து என் முன் வைத்தான். “விளக்கு நல்ல விளக்குதான் ஐயா, விலை கொடுத்தே வாங்கினேன்” என்றான். விளக்கின்மேல் குற்றமில்லை. கம்பிதான் மெலிது.

எந்தக் கம்பி போதும் என்பது சிறு வினாவாகத் தோன்றும். ஆயினும் இவ்வினாவில் இடறிப் பெரும் பொருளை இழந்தவர்கள் உண்டு. அவ்வரலாற்றில் சில பகுதிகளையே இன்று சொல்ல எண்ணுகிறேன்.

இதற்கு முதன்முதல் தெளிவான விடை கண்டவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதில் எனக்குச் சற்றே பெருமை உண்டு. ஜார்ஜ் சைமன் ஓம் என்பவர் பூட்டுத் தொழிலாளியின் மைந்தர். ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளில் மின்னோட்டத்தைச் செலுத்தி அளந்து, தம் முடிபை 1827இல் நூலாக வெளியிட்டார். கம்பியின் நீளம் இரட்டித்தால் மின்தடையும் இரட்டிக்கும்; குறுக்குப் பரப்பு இரட்டித்தால் தடை பாதியாகும். அந்நாளில் அவர் நாட்டு அறிஞர் பலர் இதைப் பொருட்படுத்தவில்லை. 1841இல் லண்டன் ராயல் கழகம் காப்லி பதக்கம் அளித்த பின்னரே அவருக்குரிய சிறப்புக் கிட்டியது.

முப்பது ஆண்டுகள் கழிந்தும் இவ்விதியின் பொருள் எல்லார்க்கும் விளங்கிவிடவில்லை. அயர்லாந்துக்கும் நியூபவுண்ட்லாந்துக்கும் இடையே, அட்லாண்டிக் கடலடியில் ஏறத்தாழ இரண்டாயிரம் மைல் நீளமுள்ள தந்திக் கம்பியை 1858இல் இட்டார்கள். அத்துணை நீளத்துக்குச் செம்பு தடித்திருத்தல் வேண்டும், மேலுறையும் தடித்திருத்தல் வேண்டும் என்று வில்லியம் தாம்சன் வாதாடினார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்றவர் அவரே. நிறுவனத்தின் தலைமை மின்னறிஞரான ஒயிட்ஹவுஸ் அதனை ஏற்கவில்லை. ஒரு கடல் மைலுக்கு 107 பவுண்டு செம்பே இட்டார்கள். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் விக்டோரியா அரசியார் விடுத்த வாழ்த்தில் இருந்தவை 98 சொற்கள். அது கடலைக் கடக்கப் பதினாறு மணி நேரம் பிடித்தது. நம் ஊர்க் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வருவதுபோல் செய்தி சொட்டுச் சொட்டாக வந்தது. மெலிந்த வாய்க்காலை அகலப்படுத்துவதை விட்டு, ஒயிட்ஹவுஸ் மடைத்தலையில் வேகத்தைக் கூட்டினார்: ஏறத்தாழ 2,000 வோல்ட் அழுத்தத்தைச் செலுத்தினார். முன்னரே பழுதுற்றிருந்த மேலுறை அதைத் தாங்கவில்லை. மூன்று வாரங்களில் கம்பி ஊமையாயிற்று. 1866இல் வெற்றி பெற்ற கம்பியில் கடல் மைலுக்கு 300 பவுண்டு செம்பு இருந்தது.

ஒயிட்ஹவுஸ் தொழிலால் அறுவை மருத்துவர். நம் நாட்டில் தந்தியை நிறுவிய ஓஷானெஸ்ஸியும் மருத்துவரே. ஆனால் அவர் தடிப்பின் பக்கம் நின்றவர். 1851இல் கல்கத்தாவிலிருந்து டைமண்ட் ஹார்பர் வரை சென்ற தம் தந்தி வழிக்கு அவர் தடித்த இரும்புத் தண்டுகளையே பயன்படுத்தினார். குரங்குகளும் பறவைக் கூட்டங்களும் அவற்றின்மேல் அமர்ந்தாலும் கேடில்லை. இரும்பின் தடை செம்பினதைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. அக்குறையையும் தடிப்பே ஓரளவு ஈடு செய்தது.

தடிப்பை எண்ணால் குறிக்கும் வழக்கம் கம்பி இழுப்போரிடமிருந்து வந்தது. சேலத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கம்பியச்சைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். துளைதோறும் இழுக்க இழுக்கக் கம்பி இளைக்கும். ஆகவே எண் ஏறினால் தடிப்புக் குறையும். இங்கிலாந்து 1883இல் ஒரே அளவு வரிசையைச் சட்டமாக்கியது. 3/22 என்றால் 22ஆம் எண் கம்பி மூன்று சேர்ந்த புரி. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் முறை வந்த பின்பு சதுர மில்லிமீட்டரில் சொல்லத் தொடங்கினோம்; எனினும் மின்பணியாளர் வாயிலிருந்து பழைய எண்கள் மறையவில்லை.

இனி மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1955இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் கூட்டுச் சேர்ந்தனர். அதன் பயனாகத் திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட் வண்டிகளில் இருந்தது 6 வோல்ட் மின்கலம். பின்னாளில்தான் 12 வோல்ட் வந்தது. அம்மாற்றத்தின் பயனைக் கணக்கால் காணலாம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். என் மாணவனின் 110 வாட்டுக்கு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர். 6 வோல்ட்டாயின் 18. ஓட்டம் இரட்டிக்கிறது; இழக்கத்தக்க வோல்ட்டோ பாதியாகிறது. ஆகவே அதே விளக்குக்கு நான்கு மடங்கு பரப்புள்ள கம்பி வேண்டும்.

அவன் இட்டிருந்தது அரை சதுர மில்லிமீட்டர்க் கம்பி. போகவும் மீளவுமாக நான்கு மீட்டர். மீளும் வழியைப் பலர் கணக்கில் மறந்துவிடுகிறார்கள்! ஒரு சதுர மில்லிமீட்டர்ச் செம்புக்கு மீட்டருக்கு 0.017 ஓம் தடை. ஆகவே இக்கம்பியின் தடை 0.136 ஓம், இழப்பு 1.2 வோல்ட். பத்தில் ஒரு பங்குதானே என்று எண்ணாதீர்கள். இழை விளக்கில் வோல்ட் பத்தில் ஒன்று குறைந்தால் ஒளி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். இழந்த ஆற்றல் 11 வாட் வெப்பமாகக் கம்பியிலேயே தங்கும். எஞ்சினின் சூடு பட்ட இடத்தில், பிற கம்பிகளோடு சேர்த்துக் கட்டிய கட்டுக்குள், மேலுறை இளகிச் செம்பு சட்டத்தைத் தொட்டிருக்கிறது. பியூஸும் வைக்கவில்லை. விளக்கைக் காக்கவே பியூஸ் என்று அவன் நினைத்திருந்தான். அது காப்பது கம்பியை.

இரண்டு சதுர மில்லிமீட்டர்க் கம்பி வாங்கச் சொன்னேன். மின்கலத்தை ஒட்டி 15 ஆம்பியர் பியூஸ் ஒன்றும், கைப்பிடிச் சுவிட்சில் முழு ஓட்டமும் பாயாதிருக்க ரிலே ஒன்றும் வைத்தோம். வண்டியின் மின்னாக்கி 110 வாட்டைக் கூடுதலாகத் தருமா என்ற ஐயம் எனக்கு எஞ்சியது. அது தராவிடில் எத்தடிப்பும் பயன்படாது. எல்இடி விளக்காக மாற்றிவிடு, ஓட்டம் வெகுவாகக் குறையும் என்றேன். வாங்கியதை வீணாக்க மனமில்லை என்றான். கடைசியில் இரண்டில் ஒன்றை மட்டும் பூட்டினோம். எஞ்சினை ஓடவிட்டு, மின்கலத்திலும் விளக்கின் முனையிலும் மீட்டர் வைத்துப் பார்த்தோம். இரண்டுக்கும் இடையே கால் வோல்ட்கூட வேறுபாடு இல்லை. அன்று மாலையே அவன் மலையேறினான்.