சோடியம் சல்ஃபைடு

சோடியம் சல்ஃபைடு, திருப்பூர் வட்டாரச் சாயப்பட்டறைகளும் ஈரோட்டுத் தோல் ஆலைகளும் நன்கறிந்த உலோக சல்ஃபைடு. தூய நிலையில் வெண்மையானது. சந்தைக்கு வரும் செதில்கள் இரும்பும் பாலிசல்ஃபைடும் கலந்து மஞ்சளிலிருந்து செங்கல் நிறம் வரை இருக்கும். அவற்றில் சுமார் 60 விழுக்காடு சல்ஃபைடு, மிச்சத்தில் பெரும்பகுதி நீர். சோடியம் சல்பேட்டை நிலக்கரியோடு சேர்த்து உயர்வெப்பத்தில் ஒடுக்கித் தயாரிக்கிறார்கள்.

பருத்திக்கு மலிவாக ஆழ்ந்த கறுப்பு ஏற்றும் சல்ஃபர் பிளாக் நீரில் கரையாது. சோடியம் சல்ஃபைடு அதன் கந்தகப் பிணைப்புகளை ஒடுக்கிக் கரைய வைக்கிறது; நூல் அதைக் குடித்தபின் பெராக்சைடு போன்ற ஆக்சிஜனேற்றி பட்டு, சாயம் மறுபடி கரையாததாகி உள்ளேயே தங்கிவிடும். தோல் ஆலையில் வேலை வேறு: சுண்ணாம்போடு குழைத்து ஆட்டுத்தோலின் சதைப்பக்கத்தில் பூசி மடித்து வைத்தால், கெரட்டினின் கந்தகப் பாலங்கள் அறுந்து மயிர்க்கால் இளகும். மயிரைக் கையாலேயே வழித்தெடுக்கலாம்.

பையின் வாய் திறந்து கிடந்தால் செதில் ஈரத்தை இழுத்துக் கசியும், கட்டி தட்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் கோவைப் பக்கத்துக் கிடங்குகளில் இதற்குத் தனிக் கவனம் தேவை. ஈரத்தோடு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தால் சோடியம் கார்பனேட்டும் அழுகிய முட்டை வாடையுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டாகும், ஆக்சிஜன் தயோசல்பேட்டாக்கும். பழைய சரக்கை எடைபோட்டுப் பயன்படுத்தினால் சாயம் சரியாகக் கரையாமல் போவது இதனால்தான். நீர் நீங்கிய வகையோ தானாகவே சூடேறித் தீப்பற்றவும் கூடும்.

கரைக்கும்போது தண்ணீரில் செதிலைச் சிறிதுசிறிதாகப் போட வேண்டும். செதில்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. கரைசல் கடுங்காரம், தோலையும் கண்ணையும் அரித்துவிடும். செம்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரங்கள் ஆகா. ஆனால் உண்மையான ஆபத்து நீர் அல்ல, அமிலம். சாயப்பட்டறையில் அசிட்டிக் அமிலக் கேன் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கரைசலின் பிஎச் 7-க்கு இறங்கினாலே சல்ஃபைடில் ஏறத்தாழப் பாதி ஹைட்ரஜன் சல்ஃபைடாகிவிடும். காற்றைவிடக் கனமான அந்த வாயு தொட்டிகளில் தேங்கும். மூக்கை நம்ப முடியாது: பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது மோப்ப நரம்பு மரத்து, வாடை நின்றுவிடும்.

பெருந்துறை சிப்காட்டில் 2014-இல் ஓர் ஆலையின் கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தாக்கித் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். இப்படிப்பட்ட தொட்டியில் வாயுமானியால் அளந்து, காற்றோட்டம் தந்து, தனிச் சுவாசக் கருவியோடுதான் இறங்க வேண்டும். விழுந்தவரைத் தூக்கக் கருவியில்லாமல் குதிப்பவரும் தப்புவதில்லை.

ஆற்றில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் சல்ஃபைடே பொது வரம்பு. மாங்கனீசு சல்பேட்டை வினையூக்கியாக இட்டுக் காற்றூதினால் சல்ஃபைடு ஆக்சிஜனேற்றம் அடைந்து குறையும். சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், சல்ஃபைடுக்கு மாற்றாக நொதிகளைக் கொண்டு மயிர் நீக்கும் முறைகளை உருவாக்கியிருக்கிறது.