பப்பாளிக்குத் தடை, புளிச்சோற்றுக்கு வரவேற்பு

தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. 1870-களில் அது கட்டி முடிந்தபின் வடகால், தென்கால் பாசனத்தில் நெல்லும் வாழையும் செழித்தன. நெல் விளையும் ஊரில் வளைகாப்புப் பந்தி முழுக்கச் சோறாக இருப்பதில் வியப்பில்லை: புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, கூடவே சர்க்கரைப் பொங்கல். மசக்கை நாக்கு கேட்பதும் புளிப்பைத்தானே!

விலக்கப்பட்டவை தனி: பப்பாளி, அன்னாசி, எள். இவற்றில் முதல் இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் காலத்தில் வந்தவை. ஆக, இவ்விரண்டுக்கும் ‘ஆதிகாலத்து’ விலக்கு என்று பாட்டிமார் சொல்வதற்கு ஐந்நூறு வயதுகூட இருக்க வழியில்லை. ஆனாலும் அவர்கள் பாதி சரி. எலிகளை வைத்து நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், பப்பாளிக் காயின் பால் கருப்பையைச் சுருங்க வைத்தது. கனிந்த பழம் அப்படிச் செய்யவில்லை.

விலக்கு ஒருபுறமிருக்க, சத்துப் பற்றாக்குறையின் ஆபத்தைக் காட்டியவர் லூசி வில்ஸ். 1928-இல் பம்பாய்க்கு வந்த இந்த ஆங்கிலேய மருத்துவர், ஆலைத் தொழிலாளப் பெண்களின் கர்ப்பகால ரத்தசோகையை ஆராய்ந்தார். மலிவான ஈஸ்ட் சாறு அதைக் குணமாக்கியது. அதிலிருந்த சத்துதான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. கீரையிலும் பயறிலும் அது உண்டு.

தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987-இல் தொடங்கியது. சத்துப் பற்றாக்குறையைப் போக்க, இப்போது பணத்தோடு ஊட்டச்சத்துப் பெட்டகமும் தருகிறார்கள். பேரீச்சையும் இரும்புச்சத்து டானிக்கும் அதில் உண்டு. டானிக் குடித்த கையோடு காபி, டீ மட்டும் வேண்டாம். அவை இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.