டி.என்.ஏ. இணைப்பு நொதியும் ஒளிரும் துழாவிகளும்

டி.என்.ஏ. இழையில் ஏற்படும் வெட்டை மூடி ஒட்டும் நொதி லைகேஸ் எனப்படும். 1967-இல் கெல்லர்ட், லேமன், ரிச்சர்ட்சன், ஹர்விட்ஸ் ஆகியோரின் ஆய்வகங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இதனைக் கண்டறிந்தன. அடுத்த சில ஆண்டுகளிலேயே இதைப் பெரிய அளவில் பயன்படுத்திக் காட்டியவர் ஹர் கோவிந்த் கொரானா. ஈஸ்ட்டின் அலனின் டி.ஆர்.என்.ஏ.வுக்குரிய 77 இணைகள் கொண்ட மரபணுவை, வேதிமுறையில் செய்த சிறு துண்டுகளை டி4 லைகேஸால் ஒட்டி, 1970-இல் அவரது குழு உருவாக்கியது.

துண்டுகள் ஒட்டிவிட்டனவா என்று எப்படி அறிவது? அக்காலத்தில் கதிரியக்கப் பாஸ்பரஸ்-32 தான் வழி. இழையின் முனையில் கதிரியக்கப் பாஸ்பேட்டைப் பொருத்துவர். ஒட்டப்படாத முனையிலிருந்து பாஸ்பட்டேஸ் நொதி அதை அகற்றிவிடும். ஒட்டிய இடத்தில் அகற்ற முடியாது. நம்பகமான முறைதான், ஆனால் தொல்லை மிக்கது. பாஸ்பரஸ்-32 சுமார் 14 நாள்களில் பாதியாகத் தேயும். மேலும், வினையை இடையிடையே நிறுத்தி மாதிரி எடுத்தால்தான் அதன் போக்குத் தெரியும். நொதியின் வேகத்தை அளக்க விரும்புவோருக்கு இது பெருங்குறை.

1996-இல் சஞ்சய் தியாகியும் பிரெட் கிரேமரும் நியூயார்க்கில் ஒரு ஒளிரும் துழாவியை வடிவமைத்தனர். கொண்டை ஊசி போல் மடிந்த சிறு டி.என்.ஏ. அது. ஒரு முனையில் ஒளிர்பொருள், மறுமுனையில் ஒளியணைப்பான். மடிந்திருக்கும்போது ஒளி இராது, விரிந்தால் ஒளிரும். குறிப்பிட்ட மரபுத்தொடரைக் கண்டறியவே அவர்கள் இதைச் செய்தனர். லைகேஸ் அவர்கள் நோக்கமன்று.

அதை லைகேஸுக்குத் திருப்பியவர்கள் சீனாவின் ஹூனான் பல்கலைக்கழகத்தினர் (2003). கொண்டை ஊசியின் வளைவுப் பகுதியில் இரு சிறு இழைகள் அடுத்தடுத்து அமரும். தனித்தனியாக இருக்கும்வரை அவற்றால் மடிப்பைப் பிரிக்க இயலாது. லைகேஸ் அவற்றை ஒன்றாக்கியதும் இழை நீண்டு உறுதிபெற்று, மடிப்பைத் திறக்கும், ஒளி கூடும். கூடும் ஒளியே வினையின் வேகம். வினையை நிறுத்த வேண்டியதில்லை, கதிரியக்கமும் இல்லை.

இதன் பயன் மருந்தாய்விலும் உண்டு. மனித லைகேஸ் ஏ.டி.பி.யைப் பயன்படுத்த, காசநோய்க் கிருமியின் லிக்ஏ நொதி என்.ஏ.டி.யைப் பயன்படுத்துகிறது. எனவே மனித நொதியை விட்டுவிட்டுக் கிருமியின் நொதியை மட்டும் தடுக்கும் மருந்து கிடைக்கலாம். லக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் 2005-இல் அந்நொதியின் ஒரு பகுதியின் படிக அமைப்பையும், அதைத் தடுக்கும் சில சேர்மங்களையும் வெளியிட்டது. ஆயிரக்கணக்கான சேர்மங்களைக் கூழ்மத் தகட்டில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்பது நடவாத காரியம். சிறு குழிகளில் ஊற்றி ஒளியை மட்டும் அளந்தால் ஒரே நாளில் பலவற்றைச் சோதித்துவிடலாம்.