டப்பாவும் விரலும்

எங்கள் சோழவரம் வழியாக எண்ணூர்த் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரிகள் போகின்றன. உள்ளே என்ன என்று நமக்குத் தெரியாது. இறங்கப்போகும் நாட்டுக்குத் தெரிந்தாக வேண்டும். டப்பா உணவுக்கு இந்த நிர்ப்பந்தம் எப்படி வந்தது?

1971இல் நியூயார்க் மாநிலத்தில் டப்பா சூப் சாப்பிட்ட ஒருவர் பாட்டுலிசத்தால் இறந்தார்; காற்றுப் புகாத டப்பாவுக்குள் வளரும் கிருமியின் நஞ்சு அது. 1973இல் அமெரிக்கா விதி போட்டது. புளிப்பு குறைந்த உணவை, அதாவது பிஹெச் 4.6க்கு மேற்பட்டதை, டப்பாவில் அடைக்கும் ஆலை எந்த நாட்டில் இருந்தாலும் பதிவு செய்ய வேண்டும். எத்தனை டிகிரியில், எத்தனை நிமிடம் சூடாக்குகிறது என்றும் எழுதித் தர வேண்டும். கிருஷ்ணகிரி மாங்கூழ் பொதுவாகப் புளிப்பு கூடியது, தப்பித்துவிடும். இறால் டப்பா மாட்டும்.

இதை ஏகாதிபத்தியச் சூழ்ச்சி என்று ஒரே வரியில் முடித்துவிடுவது நமக்குச் சுலபம். ஆனால் செத்ததும் மனுஷன்தானே? விதி தேவைதான். என் கேள்வி வேறு. டப்பா கொதித்த நிமிடத்துக்குக் கணக்கு கேட்கிற அந்தப் படிவத்தில், இறால் உரித்தவளின் விரல் புண்ணுக்கு ஒரு கட்டமாவது உண்டா? தின்கிற உடம்புக்கு வந்த சட்டம் உரிக்கிற உடம்புக்கும் வரவேண்டும். தொழிற்சங்கங்கள் கேட்கவேண்டியது இதைத்தான்.